பட்டு மட்டும் வேண்டாம்

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்புள்ள தம்பி,

மெல்பர்னிலிருந்து நீ அனுப்பிய படம் கிடைத்தது. கட்டம் போட்ட தாளில் சதுரம் சதுரமாக வண்ணம் தீட்டி, ஓரத்தில் அளவும் எழுதி, இஞ்சினியர் வேலைதான். பாப்பாவுக்கு நீயே தைக்கப்போகிற ஒட்டுப் போர்வைக்குப் பிட்டுத் துணி கேட்டிருந்தாய், அனுப்புகிறேன். அம்மாவின் கல்யாணப் பட்டையும் கேட்டிருந்தாய். அது கிடைக்காது.

அவளைக் கேட்டால் "பேத்திக்குத்தானே, கொடுத்தனுப்புங்க" என்கிறாள். நான்தான் மறுக்கிறேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கிழவனுக்குக் கஞ்சத்தனம் என்று மருமகளிடம் சொல்லிச் சிரிப்பாய்.

பாப்பாவுக்கு இரண்டு வயது. பாலைக் கொட்டுவாள், மூத்திரம் போவாள், பிஸ்கட்டை மென்று அதன்மேலேயே துப்புவாள். அந்தப் போர்வை வாரத்துக்கு ஒரு தடவையாவது மெஷினில் சுற்ற வேண்டும். காஞ்சிபுரப் பட்டு அதற்குத் தாங்காது. பருத்தி ஒரு மாதிரி சுருங்கும், பட்டு வேறு மாதிரி. ஜரிகை கறுத்துப் பிரிந்து குழந்தையின் தோலில் குத்தும். ஒரே ஒரு துண்டு தோய்க்கக் கூடாதது என்றாலும் முழுப் போர்வையும் தோய்க்க முடியாததாகிவிடும். அப்புறம் அதை மடித்து அலமாரியில் வைப்பீர்கள். எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிற சாமான் நம் வீட்டில் ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

அம்மா ஞாபகமாக ஏதாவது வேண்டும் என்றால் அவளுடைய பழைய பாத்தேக் துணிக் கஃப்தான் அங்கி இருக்கிறதே, நீல நிறத்தில் பெரிய பூப்போட்டது. தோய்த்துத் தோய்த்து மெத்தென்று ஆகிவிட்ட நல்ல பருத்தி. சொன்னதும் அவளுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! பட்டைக் கொடுக்கத் தயார், கஃப்தானைக் கொடுக்க மனமில்லை. எப்படியோ பேசி வாங்கிவிட்டேன்.

மற்ற பிட்டுகள் எல்லாம் நான் தையற்கடை வைத்திருந்த காலத்தவை. தட்டான் தாய்ப்பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் என்பார்கள். தையற்காரனுக்கும் அதே பெயர்தான். அதனாலேயே மிச்சத் துணியை ரவிக்கையோடு சுருட்டிக் கொடுத்துவிடுவது என் வழக்கம். பாதிப்பேர் "இதை வச்சு நான் என்ன பண்றது?" என்று மேசையிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் கடைவாசல் நடைபாதையான அஞ்சடியில் மெஷின் போட்டிருந்த நாள் முதல் அப்படிச் சேர்ந்தவை இவை. 2000-இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போனதும் வீட்டுக்காரர் கேட்ட வாடகைக்கு நம்மால் நிற்க முடியவில்லை. கடையைக் காலி செய்தபோது மெஷினையும் இந்த மூட்டைகளையும்தான் முதலில் லோரியில் ஏற்றினேன். அம்மா இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

மூட்டையில் இருப்பதெல்லாம் பருத்தி இல்லை. பள்ளிச் சீருடைப் பிட்டுகளைத் தனியாக ஒதுக்கிவிட்டேன். கருநீலப் பினஃபோர், செகண்டரிப் பிள்ளைகளின் பச்சைக் காற்சட்டை, எல்லாம் பாலியெஸ்டர் கலந்தவை. கையில் தொட்டால் எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. நீ அங்கே வேறு துணி வாங்கிச் சேர்ப்பதாக இருந்தால் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, விரலால் தொட்டால் பொடியாகிற சாம்பலாகும். பாலியெஸ்டர் எரியும் முன்பே சுருண்டு உருகி, நுனியில் கறுப்பாக ஒரு மணி கட்டும். அந்த மணியை நகத்தால் நசுக்க முடியாது. பட்டு என்றால் முடி கருகிய நாற்றம். கழுவும் தொட்டிப் பக்கம் நின்று செய், பாப்பாவை வைத்துக்கொண்டு செய்யாதே.

சாயமும் பார்க்க வேண்டும். கருஞ்சிவப்பு, கருநீலம், பாத்தேக் மூன்றையும் நம்பாதே. ஈரமாக்கி ஒரு வெள்ளைத் துணிமேல் வைத்து அழுத்து. வெள்ளையில் இறங்கினால் இறங்காமல் ஆகிறவரை அலசு. இங்கிருந்து வருவதையெல்லாம் நான் அலசி, காயவைத்து, இஸ்திரி போட்டுத்தான் கட்டியிருக்கிறேன். தைப்பூசத்துக்குத் தைத்த மஞ்சள் துணியின் மிச்சம் நிறைய இருந்தது. அது பல தண்ணீர் கண்ட பிறகுதான் அடங்கியது.

இனி உன் படத்துக்கு வருகிறேன். இரண்டு அங்குலச் சதுரம் போட்டிருக்கிறாய். முதல் போர்வைக்கு அது வேண்டாம், பாதியில் வெறுத்துவிடுவாய். ஐந்து அங்குலமாக வெட்டு. நாலு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போனால் நாலரை நிற்கும். குறுக்கே எட்டு, நெடுக்கே பத்து வைத்தால் 36-க்கு 45 அங்குலம், பாப்பாவுக்குப் போதும். ரவிக்கையில் பிற்பாடு பிரித்துக்கொள்ள வேண்டும் என்று உள்ளே தாராளமாகத் துணி விடுவோம். இதில் அந்தத் தாராளம் கூடாது. கால் என்றால் கால். ஒரு தையலுக்கு அரைக்கால் அங்குலம் பிசகினாலும் எட்டுச் சதுரம் சேருவதற்குள் கிட்டத்தட்ட ஒரு அங்குலம் போய்விடும், அடுத்த வரிசையோடு ஒட்டாது. மெஷின் தகட்டில் ஊசியிலிருந்து கால் அங்குலம் அளந்து டேப் ஒட்டிக்கொள். துணியின் ஓரம் அந்த டேப்பை உரசிக்கொண்டே போகட்டும்.

வெட்டும்போது துணியைக் கையால் இழுத்துப் பார். நீளவாட்டில் இழுத்தால் அசையாது, அகலவாட்டில் கொஞ்சம் கொடுக்கும், கிராஸில், அதாவது மூலைவாட்டில், இழுத்தால் ரப்பராக நீளும். சதுரத்தின் ஓரங்கள் நீளவாட்டு அகலவாட்டோடு ஒத்துப் போக வேண்டும். பிட்டு சின்னதாக இருக்கிறதே என்று கிராஸில் திருப்பி வெட்டினால் தைக்கும்போது இழுபட்டுச் சதுரம் கோணிவிடும்.

இஸ்திரியைப் பற்றி ஒன்று. முதல் வரிசையின் தையல்களை எல்லாம் வலப்பக்கம் சாய்த்து அழுத்து, அடுத்த வரிசையை இடப்பக்கம். இரண்டு வரிசையையும் முகத்தோடு முகம் வைத்தால் ஒன்றின் மேடு இன்னொன்றின் மேட்டோடு முட்டி நிற்கும். பார்க்க வேண்டாம், கட்டைவிரலால் தடவினாலே தெரியும். முட்டிய இடத்தில் குண்டூசி குத்தித் தை, நாலு மூலையும் ஒரே புள்ளியில் கூடும். அது கூடும்போது வருகிற சந்தோஷம், இத்தனை வருஷம் ரவிக்கை தைத்தும் எனக்கு வந்ததில்லை. ரவிக்கையில் எப்போதும் யாராவது குறை சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

நிறத்துக்கு நான் ஒன்றும் சொல்லமாட்டேன். உன் படத்தில் இருக்கிறபடி இங்கே பிட்டு கிடைக்காது. கிடைத்ததைத் தரையில் பரப்பி, நின்று பார்த்து, ஒரே மாதிரி இரண்டு பக்கத்தில் பக்கத்தில் வந்தால் மாற்றி வை, அவ்வளவுதான்.

உள்ளே வைக்கப் பஞ்சு இங்கிருந்து அனுப்பட்டுமா என்று அம்மா கேட்டாள், தலையணையில் இருக்கிற கெக்காபு. வேண்டாம். இலவம்பஞ்சு நனைந்தால் கட்டி கட்டியாகச் சேர்ந்துவிடும். அங்கேயே தகடாக விற்கிற பருத்திப் பஞ்சு விரிப்பை வாங்கு. கீழ்வீட்டு மலாய் அம்மா, அந்த மாக்சிக், கைன் பெர்ச்சா என்கிற பிட்டுத் துணியில் தைத்த போர்வையைக் கொண்டுவந்து காட்டினார், அதில் பஞ்சே இல்லை. நம் ஊர் வெக்கைக்கு அது போதும், மெல்பர்ன் ஜூலைக் குளிருக்குப் போதாது.

அடித்துணியையும் பஞ்சையும் மேல்துணியைவிட நாலு பக்கமும் மூன்று அங்குலம் கூடுதலாக வை. மூன்றையும் சேர்த்து சேஃப்டி பின் குத்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று. தையலை நடுவிலிருந்து தொடங்கி வெளியே போ. ஓரத்திலிருந்து தொடங்கினால் சுருக்கமெல்லாம் நடுவில் வந்து மாட்டிக்கொள்ளும். மெஷினின் பல் கீழே இருப்பதால் அடித்துணியைத்தான் இழுக்கும், மேல்துணி பின்தங்கும். துணியை மேலிருந்து அழுத்துகிற காலிலேயே பல் வைத்த மாதிரி ஒன்று தனியாக விற்கிறார்கள், கிடைத்தால் அதை மாட்டு. சதுரம் தைக்க 12-ஆம் நம்பர் ஊசி, மூன்று அடுக்குக்கு 14. ஓரப்பட்டி இரண்டரை அங்குல அகலத்தில் நானே வெட்டி அனுப்புகிறேன், மாங்காய்ப் பச்சையில்.

உங்கள் ஊரில் அந்தக் காலத்தில் மாவுச் சாக்கையும் தையற்கடை சாம்பிள் துணியையும் சேர்த்து வாகா என்று போர்வை தைத்ததாக எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் உன் பாட்டி நினைவு வந்தது. ஜப்பான்காரன் காலத்தில் துணி கிடைக்காமல் கெடா மாநிலத் தோட்டத்தில் சாக்கை உடுத்தியவள். அதனால்தானோ என்னவோ ஒட்டுப் போட்ட துணி என்றாலே முகம் சுளிப்பாள். என் மூட்டைகளைப் பார்த்து, "நாலு வெள்ளிக்குப் புதுத் துணி வாங்க வக்கில்லையா?" என்று கேட்டிருக்கிறாள். இந்தப் போர்வையையும் அவள் ஒத்துக்கொண்டிருக்கமாட்டாள். அவள் பக்கத்திலும் நியாயம் உண்டு.

திங்கட்கிழமை தபாலில் போடுகிறேன். அம்மா பெட்டிக்குள் மாங்காய் ஊறுகாய்ப் பாட்டிலைச் செருகப் பார்த்தாள். அலசிக் கட்டிய துணியோடு எண்ணெய்ச் சாமான் வேண்டாம் என்று எடுத்து வெளியே வைத்துவிட்டேன். வேண்டுமென்றால் நீயே அவளிடம் பேசிக்கொள்.

அப்பா