கம்ப்ரே கன்னியர் காத்த ஏடுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்கால் அம்மையாரையும் ஆண்டாளையும் பிறநாட்டுப் பெண் ஞானியரோடு ஒப்பிட்டுச் சென்ற ஞாயிறு தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். எட்டாம் ஹென்றி மன்னர் மடங்களை மூடியதோடு இங்கிலாந்தில் பெண்களின் ஞான மரபு அற்றுப்போனது என்ற வரி மட்டும் உறுத்தியது. நம் சிங்கப்பூர் விக்டோரியா ஸ்திரீட்டில் ஒரு காலத்தில் கன்னியர் மடமாக இருந்து இன்று உணவகங்கள் நிறைந்திருக்கும் சைம்ஸ் வளாகத்தைப் பார்த்துப் பழகியதாலோ என்னவோ, மடம் என்றால் கட்டடம் என்றே நாம் எண்ணிவிடுகிறோம்.

1540க்குள் இங்கிலாந்தில் மடங்கள் மூடப்பட்டது உண்மை. ஆனால் துறவை நாடிய கத்தோலிக்கப் பெண்கள் கடல் கடந்தார்கள். 1623இல், இன்று பிரான்சில் உள்ள, அப்போது ஸ்பானிய ஆட்சியில் இருந்த கம்ப்ரே நகரில், ஆங்கிலேயப் பெண்களுக்கென்றே ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) துறவற சபையின் மடம் ஒன்று எழுந்தது. 1624 முதல் 1633 வரை அங்கு ஆன்ம வழிகாட்டியாக இருந்த அகஸ்டின் பேக்கர் அடிகளார், வகுத்து வைத்த தியானப் பயிற்சியை எல்லார்மீதும் சுமத்தாமல், அவரவர் உள்ளத்தில் இறைவன் தரும் ஏவுதலைக் கேட்டு நடக்கவும், வாசிப்பை மன்றாட்டுக்கு வழியாகக் கொள்ளவும் கற்பித்தார். ஹென்றி மன்னரால் கொல்லப்பட்ட தாமஸ் மோரின் வழிவந்த அம்மடத்துக் கன்னியர் கெர்ட்ரூட் மோர் முதலில் அவரை எள்ளியவர். பின்பு அந்த முறையிலேயே அமைதி கண்டு, அதற்காக வாதாடி எழுதினார். பெரியம்மையால் இறந்தபோது அவருக்கு வயது 27.

வாசிக்க நூல் வேண்டுமே! பழஞ்சுவடிகளைத் திரட்டி வைத்திருந்த சர் ராபர்ட் காட்டனுக்கு 1629இல் பேக்கர் கடிதம் எழுதி, இக்காலத்து அச்சுநூல்கள் இவர்களுக்குப் பொருந்தவில்லை, பழைய ஆங்கில ஞானநூல்கள் இருந்தால் தந்துதவுங்கள் என்று கேட்டார். கன்னியரும் படியெடுத்துக்கொண்டே இருந்தனர். பார்பரா கான்ஸ்டபிள் ஒருவரே பல தொகுதிகள் எழுதி வைத்தார். 1373இல் தாம் கண்ட காட்சிகளைப் பதிவு செய்த, இங்கிலாந்தின் நாரிச் நகரப் பெண் ஞானி ஜூலியனின் நூல், ஆங்கிலத்தில் பெண் எழுதியதாக அறியப்படும் முதல் நூல். அதன் வரியொன்றைக் கம்ப்ரே கன்னியர் மார்கரெட் கேஸ்கோயின் தம் ஞானக் குறிப்புகளில் எடுத்தாண்டிருக்கிறார். கம்ப்ரே மடத்தின் பாரிஸ் கிளைமடத்தில் சிலகாலம் பணியாற்றிய துறவி செரெனஸ் கிரெஸ்ஸி, 1670இல் அந்நூலை அச்சேற்றினார். உ.வே.சா. ஊர் ஊராய் ஏடு தேடியதைப் பள்ளியில் படித்தவர்கள் நாம். கம்ப்ரேயில் ஏடு காத்தவர்கள், அதை அன்றாடம் வாசித்து வாழ்ந்த பெண்களே.

பேக்கரின் கையெழுத்துப் படிகளை ஒப்படைக்குமாறு 1655இல் சபை மேலிடம் கேட்டது. கீழ்ப்படிவதாக வார்த்தைப்பாடு கொடுத்திருந்தும் மடத்தலைவி கேத்தரின் கேஸ்கோயின் மறுத்துவிட்டார். கட்டுரையாளர் இதைப் பற்றித் தனியே எழுதினால்கூடத் தகும்.

1793இல் பிரெஞ்சுப் புரட்சியாளர்கள் கன்னியரை கொம்பியேன் நகரில் சிறைவைத்தனர். 1795இல் இங்கிலாந்து திரும்பியோரிடம் அந்த நூலகம் இல்லை. பறிமுதலான ஏடுகளில் பல இன்றும் லீல், கம்ப்ரே நகரங்களில் உள்ளன. அந்த ஒரு வரியைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆங் மோ கியோ வாசகர்