காற்றைத் தேடிப் போன ஒரு நாள்

அன்பு மகளுக்கு,

நலமா? அம்மாவும் நானும் நலம். நேற்று முழுக்கப் படிப்பிலேயே போனது. ஒன்றைத் தொட்டால் அது இன்னொன்றுக்கு இழுத்துப் போயிற்று. உன்னிடம் சொன்னால்தான் எனக்கு மனம் ஆறும்.

புறநானூற்றின் 66ஆம் பாட்டில் தொடங்கினேன். வெண்ணிக் குயத்தியார் கரிகாலனைப் பாடியது. கடலில் நாவாய் ஓட்டி 'வளி தொழில் ஆண்ட' வீரனின் வழிவந்தவனே என்று அவனை அழைக்கிறார். காற்றையே வேலை வாங்கிய முன்னோர் என்றால் எவ்வளவு பெரிய புகழ்ச்சி! ஆனால் அதோடு நிற்கவில்லை. உன்னிடம் தோற்று, புறப்புண்ணுக்கு, அதாவது முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி, வடக்கு நோக்கி உண்ணாமல் இருந்து உயிர்விடத் துணிந்தானே அந்தச் சேர அரசன், அவன் உன்னைவிட நல்லவன் அல்லவா என்று வென்ற அரசனையே கேட்கிறார். என்ன துணிச்சல் பார்! அந்தப் பக்கத்தைத் தாண்ட எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

பிறகு கடற்காற்றைப் பற்றித் தேடினேன். கோடையில் ஆசிய நிலப்பரப்பு சூடேறி அங்குள்ள காற்று மேலெழ, தென்மேற்கிலிருந்து கடற்காற்று வந்து நிரப்புகிறது. குளிர்காலத்தில் திசை மாறி வடகிழக்கிலிருந்து வீசுகிறது. செங்கடலின் வாயிலில் இருந்த ஒசேலிஸ் துறையிலிருந்து இந்தக் காற்றோடு கிளம்பினால் 40 நாளில் சேர நாட்டுத் துறைமுகமான முசிறி என்று முதலாம் நூற்றாண்டிலேயே ரோமானியர் பிளினி எழுதியிருக்கிறார். அந்த முசிறிக்கு யவனர், அதாவது கிரேக்க, ரோமானிய வணிகரின் கலங்கள் பொன்னொடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூற்றின் 149ஆம் பாட்டு சொல்கிறது. ஒரே வணிகத்தை இரு கரையிலிருந்தும் எழுதி வைத்திருக்கிறார்கள்! மான்சூன் என்ற சொல்லும் பருவத்தைக் குறிக்கும் 'மவ்சிம்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதானாம்.

எல்லாவற்றையும்விட என்னை அசத்தியது சஹாரா. சாட் நாட்டில் போடேலே என்றொரு பள்ளம், பழைய பேரேரி ஒன்றின் வறண்ட படுகை. இரண்டு மலைத்தொடர்களுக்கு நடுவே நெருக்கிப் பாயும் காற்று அங்குள்ள புழுதியை வாரிக்கொண்டு போகிறது. கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பாசிகளின் ஓடுகள் நொறுங்கிய வெண்புழுதி அது. சஹாராவிலிருந்து இப்படிக் கிளம்பும் தூசியில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2.77 கோடி டன் அட்லாண்டிக்கைத் தாண்டி அமேசான் காட்டில் விழுவதாகச் செயற்கைக்கோள் தரவுகளை வைத்து 2015இல் கணித்திருக்கிறார்கள். அதில் சுமார் 22,000 டன், செடிகொடிகளுக்கு உரமாகும் பாஸ்பரஸ். மழையும் வெள்ளமும் அந்தக் காட்டிலிருந்து அரித்துப்போகும் பாஸ்பரஸும் கிட்டத்தட்ட அதே அளவாம்.

உனக்கு நேரம் கிடைக்கும்போது அந்த 66ஆம் பாட்டை மட்டுமாவது படித்துவிடு, கண்ணா. அடுத்த முறை பேசும்போது குயத்தியாரைப் பற்றித்தான் முதலில் கேட்பேன்.

அன்புடன்,
அப்பா