இனிப்புக் கடைக்குப் பெயர்: செல்விக்கு ஒரு கடிதம்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் நேற்று வந்தது. மதுரை அண்ணா நகர் 80 அடி ரோட்டிலேயே உன் டெசர்ட் கடைக்கு இடம் அமைந்து, அட்வான்ஸும் கொடுத்தாயிற்று என்று படித்ததில் அவ்வளவு சந்தோஷம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறார் என்பது அதைவிட நல்ல செய்தி. இங்கே எல்லோரும் சுகம். பெரியவளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் சேர்கிறாள்.

பெயருக்கு வருகிறேன். ‘ஸ்வீட் ட்ரீம்ஸ்’, ‘மதுரை டெசர்ட் ஹவுஸ்’, ‘குனாஃபா கார்னர்’, ‘தித்திப்பு’, ‘பதம்’ என்று ஐந்து எழுதி, எது அழகு என்று கேட்டிருந்தாய். அழகைப் பிறகு பார்ப்போம். இந்த ஐந்தில் எதை நாளைக்கு வேறொருத்தர் எடுத்துக்கொண்டால் உன்னால் தடுக்க முடியும் என்று முதலில் பார். கடை நன்றாக ஓட ஆரம்பித்த பிறகு உனக்குச் சொத்து அந்தப் பெயர்தான். ஓவனும் ஃப்ரீசரும் காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும்.

‘மதுரை டெசர்ட் ஹவுஸ்’ அந்தக் கேள்வியிலேயே விழுந்துவிடுகிறது. ஊர்ப் பெயர், விற்கும் பொருள், வீடு. மூன்றுமே பொதுச் சொத்து. 1999-ஆம் வருட டிரேட்மார்க் சட்டத்தின் 9-ஆவது பிரிவு, பொருளின் வகையையோ தரத்தையோ ஊரையோ மட்டும் சொல்லும் பெயரைப் பதிவுக்கு ஏற்பதில்லை. பல வருடம் புழங்கி, அந்தப் பெயர் என்றாலே உன் கடைதான் என்று ஆகிவிட்டதாக நிரூபித்தால்தான் விதிவிலக்கு. எதிரிலேயே ஒருவர் ‘நியூ மதுரை டெசர்ட் ஹவுஸ்’ என்று திறந்தால் அதுவரை உன் கையில் பிடிமானம் இல்லை. விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா கடைகளின் பெயர்களைப் பார்த்தாலே தெரியும், பொருளின் பெயரையே கடைப் பெயராக வைக்கும்போது ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துச் சொல்ல எவ்வளவு கஷ்டம் என்று.

‘தித்திப்பு’ காதுக்கு இதம். ஆனால் அதுவும் இனிப்பின் குணத்தைத்தான் சொல்கிறது, அதே 9-ஆவது பிரிவு ஆட்சேபணை வரும். ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் ‘த’வுக்கு ஒருவர் ‘டி’ போடுவார், ஒருவர் ‘டி-எச்’ போடுவார். நடுவில் ஒற்றெழுத்தை ஒருவர் இரட்டிப்பார், ஒருவர் விடுவார். ஸ்விக்கியில் தேடுகிறவர் ஒரு எழுத்து மாற்றிப் போட்டால் வேறு கடை வந்து நிற்கும். ‘ஸ்வீட் ட்ரீம்ஸ்’ எந்த ஊரிலும் இருக்கக்கூடிய பெயர். அதற்குத் தேடிப் பார்ப்பதுகூட வீண் வேலை.

‘குனாஃபா கார்னர்’ வேண்டவே வேண்டாம். இன்றைக்குப் பிஸ்தா குனாஃபாவும் துபாய் சாக்லேட்டும் ஓடுகின்றன என்பது உண்மை. ரோல் ஐஸ்கிரீமும் அப்படித்தான் ஓடியது. அதைப் பெயரில் போட்ட கடைக்காரர்கள், கூட்டம் நகர்ந்ததும் போர்டை மாற்றவா மெனுவை மாற்றவா என்று தவிக்க வேண்டியதாயிற்று. ஒரு பலகாரம் மெனுவில் ஏறுவதும் இறங்குவதும் ஒரு நாள் வேலை, பெயரிலிருந்து இறங்குவது அப்படி இல்லை.

உன் வீட்டுக்காரர் சொல்வதும் யோசிக்க வேண்டியதுதான்: திருநெல்வேலி இருட்டுக்கடைக்கு யார் பெயர் வைத்தார்கள், ருசி இருந்தால் ஜனங்களே வைப்பார்கள் என்று. நெல்லையப்பர் கோவில் எதிரே, மாலையில் மட்டும் திறந்து, மங்கலான விளக்கில் அல்வா விற்ற கடையை ஜனங்கள் அப்படி அழைத்தார்கள். திண்டுக்கல்லில் 1957-இல் நாகசாமி நாயுடு தொடங்கியது ‘ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல்’. அவர் கட்டியிருந்த தலப்பாவைப் பார்த்து ஊர் வைத்த பெயர்தான் நின்றது. ஆனால் இரண்டுக்கும் ஊர் கண்ணால் பார்த்த ஒரு அடையாளம் இருந்தது, பெயர் ஒட்டிக்கொள்ள வருடங்களும் இருந்தன. உனக்கு முதல் நாளே ஸ்விக்கியிலும் கூகுள் மேப்பிலும் பெயர் போட்டாக வேண்டும். தலப்பாக்கட்டி பெயரை ஒத்த பெயர்கள் மற்றவர்கள் வைத்தபோது அவர்களும் சென்னை உயர் நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. ஊர் வைத்த பெயரையும் கடைசியில் காகிதத்தில்தான் காப்பாற்ற வேண்டும்.

மிச்சம் ‘பதம்’. ஐந்தில் எனக்கு இதுதான். சின்னது, அடுப்படியில் நிற்கிற எவருக்கும் சட்டென்று புரியும், அல்வாவுக்கும் பொருந்தும், குல்ஃபிக்கும் பொருந்தும், பிரவுனிக்கும் பொருந்தும். பொருளை நேராகச் சொல்லாமல் செய்முறையைத் தொட்டுக் காட்டுகிற பெயர் என்பதால் பதிவுக்கும் வாய்ப்பு அதிகம். ஒரே ஒரு சிக்கல்: ஆங்கில எழுத்தில் பதமும் படமும் ஒன்றாகிவிடும். தேடினால் சினிமாதான் வரும். அதனால் ‘பாகுப்பதம்’ என்று ஒரே சொல்லாக வைக்கலாமா என்று யோசி. தேடும்போது தனியாகத் தெரியும்.

எதை எடுத்தாலும் தேடல் முதலில். டிரேட்மார்க் பதிவு செய்யும் அரசு அலுவலகத்தின் ஐபி இந்தியா தளத்தில் பொதுத் தேடல் இலவசம். பெயர்த் தேடலோடு நிறுத்தாமல் ஒலித் தேடலும் போடு. எழுத்து வேறாக இருந்தாலும் உச்சரிப்பு ஒன்றானால் அதில் சிக்கும். பொருளையும் சேவையையும் வகுப்பு வகுப்பாகப் பிரித்துத்தான் பதிவார்கள், உனக்கு வேண்டிய வகுப்புகள் 30, 43. இனிப்பு, கேக், ஐஸ்கிரீம் 30-இல். உட்கார்த்திப் பரிமாறும் சேவை 43-இல். பால் சார்ந்த பொருட்கள் சில 29-இல் வரும், பாக்கெட் போட்டு விற்பதாக இருந்தால் அதையும் பார். பதிவான பெயர் மட்டும் தடை என்று நினைக்காதே. ஆட்சேபணையில் நிற்கிற விண்ணப்பமும் உனக்கு முந்தியது என்றால் எடுத்துக்காட்டி உன்னுடையதை நிறுத்துவார்கள். பதிவே செய்யாத கடையும் தடைதான்: முன்பிருந்தே அந்தப் பெயரைப் புழங்குகிறவருக்குச் சட்டம் உரிமை தருகிறது. ஆகவே கூகுள் மேப், ஸ்விக்கி, ஜொமாட்டோ, இன்ஸ்டாகிராம் நான்கிலும் மதுரை மட்டுமல்லாமல் திண்டுக்கல், தேனி, விருதுநகர்வரை தேடிப் பார்.

தேடலில் ஒன்றும் சிக்கவில்லை என்றால் உடனே விண்ணப்பம். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. லோகோவோடு சேர்த்துப் போடாமல் வெறும் எழுத்தாகப் போடு. நாளைக்கு லோகோ மாறினாலும் பெயருக்குப் பாதுகாப்பு நிற்கும். விண்ணப்பத்தைப் பார்த்து அலுவலகம் அனுப்பும் ஆய்வு அறிக்கை வந்தால் 30 நாளுக்குள் பதில் போக வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். மெயிலைப் பார்ப்பதில்லை, விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். ஏற்றுக்கொண்டு டிரேட்மார்க் ஜர்னலில் வெளியிட்ட பிறகு 4 மாதம் யாரும் எதிர்க்கலாம். பதிவானால் 10 வருடம், பிறகு புதுப்பிக்கலாம். பதிவாகும்வரை பெயர் பக்கத்தில் ‘டி-எம்’ போடலாம். வட்டத்துக்குள் ‘ஆர்’ பதிவுக்குப் பிறகுதான், முன்னால் போட்டால் குற்றம். போர்டுக்காரர்கள் அழகுக்காக அந்த வட்டத்தைத் தாங்களாகவே வைத்துவிடுவார்கள், டிசைன் வந்ததும் முதலில் அதைப் பார்.

விண்ணப்பம் யார் பெயரில் என்பதை நீயும் உன் நாத்தனாரும் இப்போதே பேசிவிடுங்கள். இருவரும் பங்குதாரர் என்றால் ஃபர்ம் பெயரில் போட்டு, ஒருவர் விலகினால் பெயர் யாருக்கு என்று ஒப்பந்தப் பத்திரத்தில் ஒரு வரி எழுதுங்கள். பிகானீரில் 1937-இல் ஆரம்பித்த ஹல்திராம் குடும்பம் கிளை கிளையாகப் பிரிந்து, அந்தப் பெயருக்காகவே டெல்லிக் கிளையும் கொல்கத்தாக் கிளையும் பல வருடம் வழக்காடின. நல்லபடியாக இருக்கும்போது எழுதுவதற்கு ஒரு மணி நேரம் ஆகும், அவ்வளவுதான்.

மாமனார் நியூமராலஜி பார்க்க வேண்டும் என்கிறார் என்று எழுதியிருந்தாய். தாராளமாகப் பார்க்கட்டும். ஆனால் தேடலுக்கு முன்னால் பார்த்து முடித்துவிட வேண்டும். எண் கணக்குக்காக ஆங்கிலத்தில் ஒரு ‘ஏ’ கூட்டினால் அது புதுப் பெயர் ஆகிவிடாது, உச்சரிப்பு அதேதான். அதோடு ஜனங்கள் சாதாரணமாக எழுதிப் பார்க்கும் எழுத்துக்கூட்டலிலிருந்து விலக விலக, தேடலில் கடை கிடைக்காமல் போகும். கூட்டுவதானால் ஒரு எழுத்து, அதுவும் நெடில் வரும் இடத்தில். ‘பாகு’வில் ‘பா’வுக்கு இரட்டை ‘ஏ’ இயல்பாகவே இருக்கும், கணக்கு அதில் சரியானால் நல்லது.

இப்போது போர்டு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெயரின் நீளம் இங்கேதான் காசாகிறது. தமிழ்நாட்டில் பெயர்ப் பலகையில் தமிழ்தான் முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும். 1948-ஆம் வருடக் கடைகள் விதிகளிலேயே தமிழுக்கு முதலிடம் உண்டு. நடைமுறையில் சொல்லும் விகிதம் தமிழ் 5, ஆங்கிலம் 3, வேறு மொழி இருந்தால் 2. உன் கடை முகப்பில் 12 அடிக்கு 3 அடி ஏசிபி (அலுமினியத் தகடு) போர்டு வரும் என்று வைத்துக்கொள். உயரம் 36 அங்குலம். தமிழ் 15, ஆங்கிலம் 9, நடுவில் 4, மேலும் கீழும் நான்கு நான்கு: கணக்கு நேராக விழுகிறது. அகலம் 144 அங்குலத்தில் இரு ஓரமும் ஆறு ஆறு விட்டால் 132. ‘பாகுப்பதம்’ ஆறு எழுத்து, துணைக்காலோடு ஏழு எழுத்து அகலம். 15 அங்குலத்தில் 105 போக இடைவெளிக்கும் தாராளம். ‘மதுரை டெசர்ட் ஹவுஸ்’ பத்து எழுத்து. ‘ரை’யும் ‘டெ’யும் இரண்டிரண்டு அகலம் பிடிக்கும், இடைவெளி இரண்டு. அதே பலகையில் எழுத்து 9 அங்குலத்துக்குப் பக்கத்தில்தான் வரும். பத்து அடிக்கு ஓர் அங்குல எழுத்து என்பது படிக்க வசதியான அளவு. எதிர்ச்சாரியிலிருந்து 80 அடி என்றால் 8 அங்குலம், அது நின்று பார்க்கிறவருக்கு. வண்டியில் போகிறவர் படித்து, வேகம் குறைத்து, ஓரம் கட்ட வேண்டும் என்றால் அதற்கு இரட்டிப்பு வேண்டும்.

அக்ரிலிக் எழுத்து போட்டால் புள்ளியைக் கவனி. எழுத்தோடு ஒட்டாமல் தனித் துண்டாக நிற்பது அதுதான். முதலில் விளக்கு அணைவதும் அதில்தான், முதலில் கழன்று விழுவதும் அதுதான். ரொம்பச் சின்னப் புள்ளிக்குள் எல்இடி மாட்யூல் சரியாக உட்காராது. புள்ளிகளையும் பின்பக்கம் இரண்டு ஸ்டட் வைத்துப் பொருத்தச் சொல். உள்சுவரில் நியான் ஃப்ளெக்ஸ் எழுத்து வைப்பதாக இருந்தால், சுழி அதிகமுள்ள ‘ண’, ‘ணை’, ‘ஐ’ மாதிரி எழுத்துகளுக்கு நீளம் கூடும், விலையும் கூடும், வளைவில் சீக்கிரம் விரிசலும் வரும்.

பெயருக்குக் கீழே ‘ஜிகர்தண்டா, குல்ஃபி, புட்டிங்’ என்று ஒரு சின்ன வரி தனித் தகடாக இருக்கட்டும். என்ன கிடைக்கும் என்று சொல்ல வேண்டியது அந்த வரியின் வேலை. மெனு மாறும்போது தகட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அந்த வரியிலும் சட்டம் உண்டு. ஐஸ்கிரீம் என்று போட்டால் அதில் பால் கொழுப்பு குறைந்தது 10 சதவீதம் இருக்க வேண்டும். தாவர எண்ணெய்க் கொழுப்பில் செய்தது ஃப்ரோஸன் டெசர்ட், அதை ஐஸ்கிரீம் என்று விற்க முடியாது. சப்ளையரின் டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டு எழுது. நெய் என்று போட்டால் நெய்தான் இருக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கிருந்தே வாங்கிப் பரிமாறினால் அந்தப் பெயரில் மெனுவில் போடலாம், உன் அடுப்பில் கிண்டியதை அந்தப் பெயரில் போடக் கூடாது.

கூகுள் பிசினஸில் போர்டில் இருக்கும் பெயரையே போடு. ‘பெஸ்ட் டெசர்ட் ஷாப் இன் மதுரை’ என்று வால் சேர்க்கச் சொல்லி ஆள் வருவார்கள். கூகுள் அதை அனுமதிப்பதில்லை, கணக்கே முடங்கலாம். எஃப்எஸ்எஸ்ஏஐ உணவு உரிமம், ஜிஎஸ்டி, நடப்புக் கணக்கு, யுபிஐ கியூஆர் எல்லாவற்றிலும் எழுத்துக்கூட்டல் ஒன்றாக இருக்கட்டும். ஒன்றில் மாறினால் திருத்தத்துக்கு ஒவ்வொரு இடமாக நடக்க வேண்டும். பெயர் அச்சடித்த கப், டப்பா ஆயிரக்கணக்கில்தான் எடுப்பார்கள், அதனால் முதல் சில மாதம் வெறும் டப்பாவில் ஸ்டிக்கர் போதும். ஆய்வு அறிக்கை என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு அச்சுக்குக் கொடு.

கடைசி இரண்டு பெயரை வைத்துக்கொண்டு பத்துப் பேரிடம் சோதித்துப் பார். நன்றாக இருக்கிறதா என்று மட்டும் கேட்காதே, எல்லோரும் நன்றாக இருக்கிறது என்பார்கள். ஃபோனில் ஒரே தடவை சொல்லி, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி அனுப்பச் சொல். இங்கே என்ன கிடைக்கும் என்று நினைக்கிறீர்கள், ஒரு ஆளுக்கு எவ்வளவு செலவாகும் என்று கேள். கிலோக் கணக்கில் லட்டு வாங்குகிற கடை என்று பாதிப் பேர் சொன்னால், உட்கார்ந்து சாப்பிடும் இடம் என்பது பெயரில் தெரியவில்லை என்று அர்த்தம், கீழ் வரியில் அதைச் சரிசெய்ய வேண்டும். இரண்டு நாள் கழித்து அந்தப் பெயர் என்ன என்று திரும்பக் கேள். ஆட்டோ ஓட்டுகிறவர், டெலிவரி பையன், காலேஜ் பிள்ளைகள், அம்மா வயதுக்காரர்கள் எல்லோரும் அந்தப் பத்தில் இருக்கட்டும். உன் சொந்தக்காரர்கள் வேண்டாம்.

போர்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒலித் தேடலில் வந்த பட்டியலை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு, 30, 43 இரண்டு வகுப்புக்கும். நானும் ஒரு கண் பார்க்கிறேன். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
மீனா