வாடாத செடிக்குள்ளும் நோய் இருக்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக்கை ஒட்டிய சமூகத் தோட்டத்தில் ஒன்பது ஆண்டுகளாகக் கத்திரி போடுகிறேன். சென்ற ஆண்டு செடிகள் பச்சை மாறாமலே தலை தொங்கின. பகலில் வாடும், இரவில் நிமிரும், நான்காம் நாள் எழுந்திருக்காது. ‘வாடல் நோயைத் தாங்கும்’ என்று உறையில் போட்டிருந்த வீரிய ரக விதையை வாங்கி அதே பாத்தியில் நட்டேன்.

செடிகள் சாகவில்லை. ஆனால் முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டன. போன ரகத்தில் வாரம் ஒரு கிலோ பறித்த இடத்தில் இப்போது சாம்பாருக்கு நாலு காய். உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் போட்டேன், பலனில்லை.

பிறகுதான் ஒரு செடியின் அடித்தண்டை அறுத்து, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் தொங்கவிட்டுப் பார்த்தேன். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் நூல்போல் வெள்ளையாக இறங்கியது. ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியா அது. வேர்க்காயம் வழியாக நுழைந்து, நீர் ஏறும் குழாய்களில் பெருகி அடைத்துக்கொள்ளும். தாங்கும் ரகம் அதை அடித்தண்டோடு மறித்து வைக்கப் பார்க்கிறது. மறிக்கும்போது தன் நீர்வழியும் குறுகிப்போகும். என் செடிகள் வளராமல் நின்றதற்கு நான் கண்ட காரணம் இதுதான். மண்ணில் வேர்முடிச்சு நூற்புழுவும் இருந்துவிட்டால் அது துளைத்த இடமெல்லாம் பாக்டீரியாவுக்கு வாசல். இந்தக் கிருமிக்குப் பிடித்தது ஈரமும் 30 டிகிரி வெப்பமும். நம் ஊரில் அதற்கு ஓய்வுக் காலமே கிடையாது.

எனக்கு மனம் ஆறாதது வேறொன்று. பார்வைக்கு நன்றாக இருந்த ஆறு கன்றுகளை அந்தப் பாத்தியிலிருந்து மண்ணோடு பெயர்த்துப் பக்கத்துப் பாத்திச் சீன ஆன்ட்டிக்குக் கொடுத்தேன். இப்போது அவருடைய மிளகாய் வாடுகிறது. வாடாத செடியும் கிருமியைச் சுமக்கும் என்று அன்று எனக்குத் தெரியாது.

வாழையிலும் இதே கதைதான். பனாமா வாடல் என்ற பூஞ்சை நோய்க்குத் தப்பும் என்றுதான் குரோ மிஷேல் என்ற வாழை ரகத்தை விட்டு கேவண்டிஷ் ரகத்துக்கு மாறினார்கள். டி.ஆர்.4 என்ற புதிய வகைப் பூஞ்சை 1990களில் மலேசியாவின் கேவண்டிஷ் தோட்டங்களையே வீழ்த்தியது.

மண்ணில் உள்ள வாடல் நோயைத் தாங்குவதற்காகத் தமிழகத்தில் கத்திரியைச் சுண்டைக்காய் வேரில் ஒட்டுக்கட்டி வளர்க்கிறார்கள். தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம் தக்காளியைக் கத்திரி வேரில் ஒட்டச் சொல்லித் தருகிறது. சுண்டைக்காய் இங்கே தானாகவே முளைக்கிறது. தோட்டத் தொண்டூழியர்களுக்கு ஒட்டுக்கட்டுவதையும் அந்தக் குவளைச் சோதனையையும் செய்து காட்டும் ஒரு சனிக்கிழமைப் பட்டறையைத் தேசியப் பூங்காக் கழகம் நடத்த வேண்டும், தமிழிலும் விளக்கம் தர வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒவ்வொரு தோட்டத்திலும் எந்தப் பாத்தியில் எந்த மாதம் எது வாடியது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கலாம். வாடிய செடியை மக்கும் குழியில் போடாமல் பையில் கட்டிக் குப்பையில் சேர்க்கலாம். அந்தப் பாத்தியில் கத்திரி, தக்காளி, மிளகாய், இஞ்சி வேண்டாம். நான் இப்போது சோளமும் வெங்காயத் தாளும் போட்டிருக்கிறேன். ஆன்ட்டிக்கும் வெங்காயத் தாள் கன்று கொடுத்திருக்கிறேன், இந்த முறை புது மண்ணில் முளைக்க வைத்தது.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி