முசிறிப் பக்கத்து உறவுகளுக்கு ஒரு நன்றி மடல்

முசிறி வட்டாரத்தில் மனநல வெளிநோயாளிப் பிரிவை நடத்தும் டாக்டருக்கும், மருந்தாளுநர் அண்ணனுக்கும், சிஸ்டர்களுக்கும், உதவியாளர் ஐயாவுக்கும், மக்களைத் தேடி மருத்துவத்தின் தன்னார்வலர் அக்காமாருக்கும் வணக்கம். திருச்சியில் எம்.எஸ்சி. உளவியல் பாடம் எடுக்கும் ஆசிரியை எழுதுகிறேன்.

இறுதியாண்டுப் பிள்ளைகளின் களப்பயிற்சி முடிந்து, மதிப்பெண் பட்டியலும் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது. நீங்கள் செய்ததை எழுத அந்தப் பட்டியலில் ஒரு கட்டம்கூட இல்லை. அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் முதலில் வந்தது திருச்சி மாவட்டத்துக்குத்தான், 1997-இல். அந்த ஊரிலேயே இருந்துகொண்டு, நோயாளி ஒருவர் பக்கத்தில்கூட உட்காராமல் இரண்டு வருடப் படிப்பை முடித்துவிட்டுப் போக முடியும் என்பது எனக்கு நெடுநாள் உறுத்தல். காசு கட்டினால் வீட்டிலிருந்தபடியே இன்டர்ன்ஷிப் சான்றிதழ் வந்துவிடுகிற காலம் இது. (அப்படி ஒன்றிரண்டு என் மேசைக்கும் வந்தன. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.) எம்.எஸ்சி. முடித்த கையோடு மருத்துவ உளவியலாளர் என்று பலகை மாட்டிவிட முடியாது, அதற்கு மேற்பயிற்சியும் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவும் வேண்டும் என்பதெல்லாம் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனால் முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று அவர்கள் கற்றது உங்களிடம்தான்.

முதலில் மருந்தாளுநர் அண்ணன். ஒரு அம்மாவுக்கு மறுபடி பழைய குரல்கள் கேட்க ஆரம்பித்திருந்தன. அவரிடம் பேசிய மாணவி, ‘நோய் பற்றிய தன்னுணர்வு குறைவு, மருந்துக்கு ஒத்துழைப்பு இல்லை’ என்று பாடப்புத்தகத் தமிழில் அழகாக எழுதி வைத்துவிட்டாள். அந்த அம்மா மருந்து வாங்க வந்தபோது அண்ணன் கேட்டது ஒன்றுதான்: “பழைய அட்டையைக் காட்டுங்கம்மா.” மஞ்சப்பையிலிருந்து வந்த, அந்தக் குரல்களை அடக்கக் கொடுத்த ஒலான்சபின் மாத்திரை அட்டையில் பாதிக்கு மேல் பிரிக்காமலே இருந்தது. “நூறு நாள் வேலைக்குப் போற அன்னிக்கு முந்தின ராத்திரி போடுறதில்லையா?” அந்த அம்மா சிரித்துவிட்டார். படுக்கப்போகும்போது போட்டால் காலையில் தலை தூக்க முடிவதில்லை, ஏழு மணிக்கு வேலைத்தளத்தில் பெயர் கொடுக்க வேண்டும், லேட்டானால் அன்றைய கூலி போச்சு. டாக்டரிடம் சொன்னதும், சாயங்காலமே சாப்பிட்டுவிட்டுப் போடும்படி நேரத்தை மாற்றிக் கொடுத்தார். மாணவி தன் குறிப்பை அடித்துவிட்டுத் திருப்பி எழுதினாள். இப்போது எங்கள் பதிவேட்டில் ‘மீதி மாத்திரை’ என்று தனியாக ஒரு பத்தி இருக்கிறது. நான் படித்த காலத்தில் யாரும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை.

தன்னார்வலர் அக்காமார் சொல்லித்தந்தது வேறு மாதிரி. வண்டியைத் தெருமுனை ரேஷன் கடையிலேயே நிறுத்தச் சொன்னீர்கள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டைகளைக் கழற்றிப் பைக்குள் போடச் சொன்னீர்கள். பிரஷர் பார்க்கும் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு, அடுத்தடுத்து நாலு வீட்டிலும் பிரஷர் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டிய வீட்டுக்குள் நுழைந்தீர்கள். அந்த வீட்டில் கல்யாண வயதில் ஒரு பெண் இருக்கிறாள் என்று வெளியே வந்த பிறகு சொன்னீர்கள். நோயாளியின் விவரம் வெளியே போகக்கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு சொல்வதைப் பிள்ளைகள் தேர்வில் எழுதியவர்கள்தான். தெருவில் அதை எப்படிக் காப்பாற்றுவது என்பதை அன்றுதான் பார்த்தார்கள்.

டாக்டருக்கு. கூட்டம் முடிந்து சாப்பிடப் போக வேண்டிய நேரத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்தீர்களே, அதற்கு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்கா பக்கத்துக் காப்பகத்தில் சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்ததைப் படித்துவிட்டு வருகிற பிள்ளைகளுக்குக் கோயில், தர்கா என்றாலே கோபம் வரும். நியாயமான கோபம்தான். மனநோய் தீரும் என்று நம்பி மகனைக் குணசீலம் பெருமாள் கோயிலில் 48 நாள் வைத்திருந்துவிட்டு உங்களிடம் கூட்டிவந்த தகப்பனாரிடம் அந்தக் கோபத்தை ஒரு மாணவன் காட்டப் போனபோது, நீங்கள் குறுக்கே புகுந்து, “பெருமாளையும் கும்பிடுங்க, மாத்திரையையும் விடாதீங்க” என்றீர்கள். அந்தத் தகப்பனாரின் மகன் அடுத்த மாதமும் வந்தான். இல்லையென்றால் வந்திருக்க மாட்டான் என்றுதான் நினைக்கிறேன்.

உதவியாளர் ஐயா, தட்டுமுட்டுச் சாமான் கிடந்த அறையை ஒழித்து, நடுவில் பழைய சேலையைத் திரையாகக் கட்டி, இரண்டு பேர் தனியாகப் பேச இடம் பண்ணிக் கொடுத்தீர்கள். எந்த ஆணையும் வராமலே.

இன்னும் கூடுதலாகக் கடன்பட்டிருப்பது, “புள்ளைங்க படிக்கட்டும், பரவாயில்ல” என்று எங்கள் மாணவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்ட நோயாளிகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும். வேண்டாம் என்று சொன்னவர்களுக்கும் சேர்த்துத்தான். மறுக்கும்போது தலையாட்டிவிட்டு எழுந்து வெளியே போகவும் பிள்ளைகள் பழக வேண்டியிருந்தது.

பழைய மாணவர்கள் சேர்ந்து, நோயாளிக் குறிப்புகளை வைத்துப் பூட்ட ஒரு இரும்பு பீரோ வாங்கியிருக்கிறார்கள். அடுத்த வாரம் வந்து சேரும். சாவி சிஸ்டரிடம்தான் இருக்க வேண்டும், எங்களிடம் வேண்டாம். அடுத்த குழுவை ஜூலையில் அனுப்புகிறேன். கோரை அறுப்புக் காலத்தில் ஆள் வராது, அந்த மாதங்களைத் தவிர்க்கச் சொல்லியிருந்தீர்கள். அட்டவணையை மாற்றிவிட்டோம்.

அன்புடன்,
உளவியல் துறை ஆசிரியை, திருச்சி