பாடசாலை எங்கே அமையலாம் என்பதற்கும் சட்டம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்க முயன்ற எந்தப் பெற்றோரும், வீட்டுக்கும் அரச பாடசாலைக்கும் இடையிலான தூரம் எவ்வளவு கறாராக அளக்கப்படுகிறது என்பதை அறிவர். வாக்காளர் இடாப்பு, வீட்டு உறுதி, மின்கட்டணப் பட்டியல் என்று கோப்பு நிறையக் கொண்டு போனாலும், வீட்டுக்கு இன்னும் கிட்ட வேறு பாடசாலை இருந்தால் புள்ளி குறைகிறது. ஆனால் கட்டணம் அறவிடும் சர்வதேச பாடசாலையொன்று எந்த ஒழுங்கையில் அமையலாம் என்று நமது இலங்கைக் கல்விச் சட்டம் கேட்பதே இல்லை.

5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்குப் புதிய தனியார் பாடசாலை ஆரம்பிப்பதை 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் தடுத்தது. பின்னாளில் வந்த சர்வதேச பாடசாலைகளோ கம்பனிகள் சட்டத்தின் கீழ் வணிக நிறுவனங்களாகப் பதிந்துகொண்டு இயங்குகின்றன. மாநகர சபையும் நகர அபிவிருத்தி அதிகார சபையும் கட்டட அனுமதியைப் பார்க்கலாம். அந்தப் பகுதிக்கு ஒரு பாடசாலை தேவையா என்று பார்ப்பது அவற்றின் வேலையல்ல.

இதன் விளைவைக் கொழும்பு வெள்ளவத்தையில் தினமும் காண்கிறேன். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒடுங்கிய ஒழுங்கையொன்றில், குடும்பம் வாழ்ந்த மாடி வீடு பாடசாலையாகியிருக்கிறது. கார் நிறுத்திய இடத்தில் காலைக்கூட்டம் நடக்கிறது. விளையாட ஒரு முற்றமும் இல்லை. வான்கள் இரு பக்கமும் நிற்கும் நேரத்தில் அம்புலன்ஸ் ஒன்று உள்ளே வந்தால் திரும்ப இடமிருக்காது. பிள்ளைகளை அங்கே அனுப்பும் பெற்றோரை நான் குறை கூறவில்லை. அரச பாடசாலையில் இடம் கிடைக்காதவர்களே அவர்களில் பலர்.

பாடசாலை அமையும் இடத்துக்குச் சட்டத்தால் எல்லை வகுப்பது புதிதல்ல. அமெரிக்காவில் அரச பணத்தில் தனி நிர்வாகத்தின் கீழ் நடக்கும் சார்ட்டர் பாடசாலைகளுக்கு 1991இல் மினசோட்டா மாநிலமே முதலில் சட்டம் இயற்றியது. மிசூரி 1998இல் அனுமதித்தபோது செயின்ட் லூயிஸ், கன்சாஸ் சிட்டி ஆகிய இரு நகரங்களுக்குள் மட்டுமே அவற்றை அமைக்கலாம் என்றது. கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களில் மட்டுமே அவற்றைத் திறக்கலாம் என்று ஒகையோ மாநிலம் வைத்திருந்த எல்லை 2021இல் நீக்கப்பட்டது. கலிபோர்னியாவில் அரச பாடசாலைகளை நிர்வகிக்கும் சில சிறிய கல்வி மாவட்டங்கள், தம் எல்லைக்கு வெளியே தொலைவில் நடக்கும் சார்ட்டர் பாடசாலைகளுக்கு அனுமதி கொடுத்து மேற்பார்வைக் கட்டணம் பெற்று வந்தன. அனுமதி வழங்கும் மாவட்டத்தின் எல்லைக்குள்ளேயே பாடசாலை இருக்க வேண்டும் என்று 2019இல் அங்கு சட்டம் வந்தது. எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுவது இதுதான், ஏனெனில் அனுமதி கொடுப்பவர் நேரில் போய்ப் பார்க்க முடியாத பாடசாலைக்கு எவரும் பொறுப்பேற்கப் போவதில்லை.

ஆகவே சர்வதேச பாடசாலைகளைக் கல்விச் சட்டத்துக்குள் கொண்டுவந்து, வலயக் கல்விப் பணிமனை இடத்தைப் பார்வையிட்டு ஒப்புதல் தந்த பின்னரே புதிய பாடசாலை திறக்கலாம் என்று விதிக்க வேண்டும். வீதியின் அகலம், வளவுக்குள் வான் நிறுத்தும் வசதி, விளையாட்டிடம், தீ விபத்தில் வெளியேறும் படிக்கட்டு ஆகியவை அதில் கட்டாயமாக வேண்டும். கொழும்பின் வடக்கிலுள்ள முகத்துவாரம், மட்டக்குளி போன்ற பகுதிகளில் தமிழ் மொழி வகுப்புகளும் நடத்தி, நியாயமான கட்டணத்தில் இடமளிக்க முன்வருவோருக்கு முன்னுரிமை தரலாம். ஏற்கெனவே இயங்கும் பாடசாலைகளைத் திடீரென மூடினால் பிள்ளைகளே தெருவில் நிற்பார்கள் என்பதால் அவற்றுக்குப் போதிய கால அவகாசம் கொடுக்க வேண்டும். கொழும்பு மாவட்டத் தமிழ் பேசும் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதனைச் சபையில் எழுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஒரு பெற்றோர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06