டெல்டாவில் இணையத்துக்கு எழுதும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

நானும் உங்கள் வேலையைச் செய்கிறவன்தான். மக்கள் நாளைக்குக் கூகுளில் எதைத் தேடுவார்கள் என்று பார்த்து இன்றைக்கே எழுதி வைப்பதில் தப்பு எதுவும் இல்லை. நம் பக்கத்தில் அதைக் கணிப்பது பெரிய வித்தையும் இல்லை. மே கடைசியில் மேட்டூர் நீர்மட்டம். ஆடியில் பதினெட்டாம் பெருக்கு. ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு முன்னால் ரயில், பஸ் நேரம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் ராத்திரியில் 'நாளை பள்ளி விடுமுறையா'. எதை எப்போது அதிகம் தேடினார்கள் என்று காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸில் தமிழ்நாட்டை மட்டும் வைத்து ஐந்து வருடத்தைப் பாருங்கள். ஒரு விஷயம், அங்கே 100 என்று காட்டுவது ஆள் கணக்கு இல்லை. நீங்கள் பார்க்கும் காலத்துக்குள் தேடல் உச்சத்தில் இருந்த நேரம்தான் 100. மற்றதெல்லாம் அதற்கு விகிதம்.

தேடல் வரும் நாளை இப்படிக் கணித்துவிடலாம், தண்ணீர் வரும் நாளைக் கணிக்க முடியாது. பாசனத்துக்கு மேட்டூர் அணையைத் திறக்க ஜூன் 12 வழக்கமான தேதி, அவ்வளவுதான். 2022-ல் மே 24-லேயே மேட்டூரைத் திறந்தார்கள். 2024-ல் அணையில் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28 வரை இழுத்தது.

அந்த 2024 ஜூன் தொடக்கத்தில் என் சித்தப்பா போனில் ஒரு செய்தி பார்த்தார். 'ஜூன் 12 மேட்டூர் அணை திறப்பு' என்று தலைப்பு. உள்ளே இருந்தது முந்தின வருடச் செய்தி, வருடத்தை மட்டும் மாற்றியிருந்தார்கள். டிவியில் திறக்க வாய்ப்பில்லை என்று சொன்னதை அவர் நம்பவில்லை. "தேதியே போட்டிருக்கானே" என்றார். வாய்க்கால் முடிகிற கடைமடை நிலம், போர்வெல் கிடையாது. நாற்றங்கால் உழுது விதையும் விட்டுவிட்டார். பக்கத்து போர்வெல்லில் காசு கொடுத்துத் தண்ணீர் பாய்ச்சிப் பார்த்தும் நாற்று கருகிப்போனது. எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது. நம்மில் ஒருவராக இருக்கலாம் என்பதால்தான் இந்த மடல்.

முன்கூட்டியே எழுதுங்கள். அணையின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி), மேட்டூரில் திறந்து மூன்று நாலு நாள் கழித்துத்தான் கல்லணை திறக்கும், கடைமடைக்கு வர அதற்கு மேலும் ஆகும். இதெல்லாம் மாறாத விஷயம், ஏப்ரலிலேயே தயாராக இருக்கட்டும். தேதிக்கான இடத்தை மட்டும் அரசு அறிவிக்கும்வரை காலியாக விடுங்கள். 'இன்னும் அறிவிக்கவில்லை' என்று தலைப்பிலேயே போடுங்கள். நாற்று விடலாமா என்று யோசிக்கிறவருக்கு அதுவும் பதில்தான். நீர்மட்டம் போட்டால் எந்த நாள், எத்தனை மணிக்கு எடுத்த கணக்கு என்பதையும் சேர்த்துப் போடுங்கள். பள்ளி விடுமுறைக்கும் அப்படியே: ஆட்சியர் அறிவிக்காத மாவட்டத்தின் பெயரைத் தலைப்பில் எழுதாதீர்கள்.

அப்புறம், போன வருடம் எழுதியதை எடுத்துத் தேதியை மாற்றிப் போட்டவர்கள் உங்களில் இருந்தால், அதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அடுத்த குறுவை சாகுபடிக்கு விதைநெல் வாங்கப் போகிறவர்கள் இப்போதே தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

அன்புடன்,
மன்னார்குடிப் பக்கத்திலிருந்து உங்களில் ஒருவன்